112 ஆண்டுகளும் ஒரு நிமிடமும்: கடவுச்சொல்லின் வரலாறு தரும் பாடம்

ஒரு செய்தியை மறைத்து வைப்பது எளிது. பிறர் ஊகித்து அறிய இயலாதவாறு மறைப்பதே கடினம். இவ்வுண்மையை நமக்கு எழுத்தில் விளக்கிச் சென்ற முன்னோடி, அப்பாஸியர் ஆட்சியில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தீ ஆவார். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், மறைமொழி மடல்களின் பொருளைக் கண்டறியும் முறை குறித்து ஒரு நூல் இயற்றினார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அரிதாகவே வரும். ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை இட்டு மறைத்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. எனவே எழுத்துகளை எண்ணிப் பார்த்தே மறைபொருளை வெளிக்கொணரலாம் என்று அவர் காட்டினார். இம்முறை பற்றி இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விளக்கம் அதுவேயாகும். அதன் கையெழுத்துப் படி இஸ்தான்பூல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

ஒழுங்கு எஞ்சியிருக்கும் இடத்தில் இரகசியம் கசியும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்குப் பின்னர், கணினியின் கடவுச்சொல்லிலும் இதே பாடம் மீண்டும் வெளிப்பட்டது.

1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் ஆகிய இருவரும் யூனிக்ஸ் கணினிகளின் கடவுச்சொற்கள் குறித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன. பெயர்கள், அகராதிச் சொற்கள், இரண்டு மூன்று எழுத்துகளே கொண்டவை என மனித மனம் பழகிய பாதையிலேயே அவை அமைந்திருந்தன.

அப்படியாயின் கடவுச்சொல்லை மனிதர் தேர்ந்தெடுக்காமல், இயந்திரமே எந்த ஒழுங்குமின்றி உருவாக்கித் தந்தால் என்ன? இதனை முயன்று பார்த்த ஓர் இடத்தின் அனுபவத்தையும் அவ்வாய்வுரை பதிவு செய்துள்ளது. சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த எட்டு எழுத்துக் கடவுச்சொற்களை அங்கே கணினி உருவாக்கியது. அவ்வாறு அமையக்கூடியவை ஏறத்தாழ 2.82 இலட்சம் கோடி. அனைத்தையும் அக்காலக் கணினியில் சோதிக்க 112 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஊடுருவியவரோ ஏறக்குறைய ஒரு நிமிடக் கணினி நேரத்தில் அனைத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

காரணம் என்ன? கணினி தானாக எண்களை உருட்டிப் போடுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வித்தாகக் கொண்டு, கணக்கிட்டு அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. வித்து ஒன்றானால் விளைச்சலும் ஒன்றே. அந்த இயந்திரத்தில் சாத்தியமான வித்துகள் 32,768 மட்டுமே. கடவுச்சொற்கள் பார்வைக்குத் தாறுமாறாகத் தோன்றினும், பிறந்த இடம் குறுகியதாக இருந்தது.

இப்பிழை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 2006இல் டெபியன் இயங்குதளத்தில், ஓப்பன்எஸ்எஸ்எல் எனும் பாதுகாப்பு மென்பொருளின் நிரலைச் சீர்செய்ய முனைந்தபோது, ஒழுங்கின்மையைச் சேர்க்கும் வரி நீக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒருவரும் அதனைக் கவனிக்கவில்லை. 2008 மே மாதத்தில் உண்மை வெளிப்பட்டபோது, ஒரே வகைக் கணினியில் ஒரே அளவில் உருவான சாவிகள் அதே 32,768 என்ற எல்லைக்குள் அடங்கியிருந்தன.

இன்று நம் பிள்ளைகள் பலர் இணையச் செயலிகளுக்கு நிரல் எழுதுகின்றனர். மதரஸா மாணவர் சேர்க்கை, ஜமாஅத் நன்கொடைக் கணக்கு ஆகியவற்றுக்கும் அவர்களே தளம் அமைத்துத் தருகின்றனர். புதிய பயனருக்குத் தற்காலிகக் கடவுச்சொல் வழங்கும் வரி அந்நிரலில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அவ்வரியில் நேரத்தை விநாடிக் கணக்கில் வித்தாக இட்டால், கணக்குத் தொடங்கிய நாளை அறிந்தவர் 86,400 வித்துகளைச் சோதித்தாலே போதும்; ஒரு நாளுக்கு அத்தனை விநாடிகளே உள்ளன. பிஎச்பியின் 'எம்டி_ரேண்ட்', ஜாவாஸ்கிரிப்டின் 'மேத்.ரேண்டம்' ஆகியவை விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குகளுக்கும் ஏற்றவை. இரகசியத்திற்கு ஏற்றவை அல்ல. இதற்கெனவே 2015இல் பிஎச்பி 7 பதிப்பில் 'ரேண்டம்_இன்ட்' சேர்க்கப்பட்டது. 2016இல் பைத்தான் 3.6 பதிப்பில் 'சீக்ரெட்ஸ்' தொகுதி வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் 'கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ்' உண்டு. இவை இயங்குதளம் திரட்டி வைத்திருக்கும், முன்கூட்டி அறிய இயலாத விவரங்களைப் பயன்படுத்துகின்றன.

மாற்றவேண்டியது பெரும்பாலும் ஒரு வரிதான். ஆயினும் ஒரு குடும்பத்தின் முகவரியும், கைம்பெண் ஒருவருக்குச் சென்ற உதவித்தொகையின் விவரமும் அந்த ஒரு வரியை நம்பியே இருக்கின்றன. நம்பி ஒப்படைக்கப்பட்டவை அமானிதம் அன்றோ! ஆதலால் தளம் அமைத்துத் தரும் நம் இளைஞரிடம், "கடவுச்சொல் எத்தனை எழுத்து?" என்று கேட்பதோடு நில்லாமல், "அது எதிலிருந்து பிறக்கிறது?" என்றும் கேட்போமாக.