எதிர்வாதத்தை எடைபோடும் திறன்

1958ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் லாரன்சு கோல்பர்க்கு தம் ஆய்வேட்டை அளித்தார். சிறுவர்களிடம் அவர் ஒரு கதை கூறினார். சாகக் கிடக்கும் மனைவிக்கு மருந்து வாங்கப் பணம் போதவில்லை. கணவன் அதைத் திருடலாமா? ஆம், இல்லை என்னும் விடையை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. சொல்லப்பட்ட காரணத்தையே ஆராய்ந்து, அறத்தீர்ப்பு படிப்படியாக வளர்வதென்று நிறுவினார். (சிறுமியரை அவர் ஆய்வில் சேர்க்காதது பெருங்குறையே.)

ஆயினும், உயர்ந்த காரணத்தை மனப்பாடம் செய்தவரும் சொல்லிவிடலாமே! செருமானிய உளவியலறிஞர் கியோர்க் லிண்டு 1970களில் வேறொரு தேர்வை வகுத்தார். தீராநோயால் துடிக்கும் பெண்ணொருத்தியின் வேண்டுகோளுக்கு இணங்கி மருத்துவர் அவள் உயிரைப் போக்கினார். இது சரியா? தேர்வெழுதுவோர் முதலில் தம் கருத்தைக் குறிப்பர். பின்னர் அச்செயலை ஆதரிக்கும் ஆறு வாதங்களையும் மறுக்கும் ஆறு வாதங்களையும் மதிப்பிடுவர். தமக்கு உடன்பாடான வாதங்களைத் தரம் பிரிப்பது எளிது. எதிர்ப்பக்கத்து வாதங்களையும் அவ்வாறே தரம் பிரிக்கின்றனரா என்பதில்தான் அறத்தேர்ச்சி வெளிப்படுகிறது. பலர் அங்கேதான் சறுக்கினர். மாற்றுக் கருத்தென்றதும் சிறந்த வாதமும் இழிந்த வாதமும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின. மருத்துவரை ஏற்றவரும் மறுத்தவரும் இத்தேர்வில் ஒரே மதிப்பெண் பெறக்கூடும்.