நாடகக் கம்பெனிகளில் நடிகர் தேர்வு

ஊர் ஊராகச் சென்று, ஒரு கொட்டகையில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கி நாடகம் போட்ட தமிழ்த் தொழில்முறைக் குழுக்கள் நடிகர்களைச் சேர்த்துக்கொண்ட முறை. இக்குழுக்கள் 'கம்பெனி' என்றும் 'சபா' என்றும் அழைக்கப்பட்டன. சிறுவர்களை மட்டுமே கொண்டவை 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. தேர்வு என்ற சொல் அங்கே அதிகம் புழங்கியதில்லை. பையனைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள், பிடித்திருந்தால் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மராட்டிய, பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டுக்கு வந்து திரைச்சீலையும் பக்கத்தட்டியும் கட்டணச் சீட்டுமாக நாடகம் போட்டன. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ் அவற்றைப் பார்த்து மனமோகன நாடக சபையைத் தொடங்கினார். தமிழில் தொழில்முறைக் கம்பெனி நாடகத்துக்கு முன்னோடி அவரே. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபை வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். மாலையில் கச்சேரி முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக்காக வேஷம் கேட்கும் நிலை இல்லை. முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேஷம் கட்டிய சி. ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். ஆகவே அந்தச் சபையின் பாத்திரப் பங்கீடு இங்கே பேசப்படும் பொருளில் அடங்காது.

தொழில்முறைக் கம்பெனியில் ஆள் சேர்ப்பதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது சங்கரதாஸ் சுவாமிகளால் (1867–1922). தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவர் முதலில் நடிகர், பிறகு ஆசிரியர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். அக்காலத்துப் பெரிய நடிகர்கள் மேடையில் போட்டிப் பாட்டுப் பாடிக் கதையை மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். இன்று ஒப்புக்கொண்டு நாளை வேறு கம்பெனிக்கு ஓடுவார்கள். வளர்ந்தவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களை வளர்ப்பது மேல் என்ற முடிவுக்கு வந்ததாலேயே பாய்ஸ் கம்பெனிகள் பிறந்தன. சிறுவர்களுக்குச் சம்பளம் குறைவு, சாப்பாடு போட்டால் போதும் என்ற கணக்கும் முதலாளிகள் மனத்தில் இருந்திருக்கும். ஆனால் அது பின்னால் சேர்ந்த காரணம்.

சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. பெண் வேஷக்காரரான கண்ணுசாமிப் பிள்ளை அங்கே தம் பிள்ளைகளைச் சேர்த்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய இவர்களும் இவர்களுடைய தம்பி பகவதியும்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடெங்கும் அறியப்பட்டவர்கள். சண்முகத்துக்கு அப்போது வயது 6. தகப்பனே வேஷக்காரர் என்பதால் இந்தப் பையன்களை நீண்ட நேரம் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காலத்தில் நடிகரின் மகன் என்பதே பாதித் தேர்வு.

ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, 'யதார்த்தம்' பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா ஆகியவை இதே வழியில் நடந்தவை. பல கம்பெனிகளின் பெயரில் மதுரை இருப்பதைப் பார்த்து அவை மதுரையிலேயே இருந்தன என்று நினைக்கக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதியை அவை ரயிலிலும் வெளியூர்க் கொட்டகையிலும் கழித்தன. ஆள் சேர்ப்பும் அந்தந்த ஊரிலேயே நடந்தது. கண்ணூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்து உதகையில் வளர்ந்த எம்.என். நம்பியார், ராஜமாணிக்கம் கம்பெனி உதகைக்கு வந்தபோது அதில் சேர்ந்தவர். கம்பெனி அந்த ஊருக்குப் போயிராவிட்டால் அவர் நடிகராகியிருப்பாரா என்பதே சந்தேகம்.

பார்ட் வகை

யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்தது கதை அன்று, பார்ட். எந்த நாடகத்தை எடுத்தாலும் வேஷங்கள் சில நிலையான வகைகளுக்குள் அடங்கின. கதாநாயகன் ராஜபார்ட். அவர்களில் தலையாயவர் அயன் ராஜபார்ட். கதாநாயகி ஸ்திரீபார்ட். திருடன், முரடன் முதலிய வேஷங்கள் கள்ளபார்ட். சிரிப்புக்குப் பபூன். பிள்ளை வேஷங்கள் பாலபார்ட். இவை போகத் தோழிகள், சேவகர்கள், முனிவர்கள் என்ற கூட்டம் உண்டு.

கம்பெனிக்குப் புதிதாக வரும் பையன் 'கோவலன் வேஷம் வேண்டும்' என்று கேட்டு வருவதில்லை. ராஜபார்ட்டுக்கு ஆகுமா, ஸ்திரீபார்ட்டுக்கு ஆகுமா என்றே வாத்தியார் அவனைப் பார்ப்பார். 'வாத்தியார்' என்பது நாடக ஆசிரியரைக் குறிக்கும் சொல். பாட்டும் வசனமும் எழுதியவரும், பாடம் சொல்லிக் கொடுத்தவரும், தப்பினால் பிரம்பை எடுத்தவரும் அவர் ஒருவரே. நீண்ட முகம், கணீரென்ற குரல், நிமிர்ந்த நடை இருந்தால் ராஜபார்ட். உருண்டை முகமும் மெல்லிய உடம்பும் தொண்டையில் இனிமையும் இருந்தால் ஸ்திரீபார்ட். எதற்கும் பொருந்தாமல் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தால் பபூன். ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அதை மாற்றுவது கடினம். ஸ்திரீபார்ட் போட்ட பையன் மேடைக்கு வெளியேயும் கொஞ்சம் ஒசிந்து நடப்பான். அவன் கூந்தலை வளர்க்கச் சொல்வார்கள்.

மிகச் சிறிய பையன்களுக்கு எப்போதும் தேவை இருந்தது. நல்லதங்காள் நாடகத்துக்கு மட்டும் கிணற்றில் போட 7 பிள்ளைகள் வேண்டும். அரிச்சந்திராவுக்கு ஒரு லோகிதாசன், பிரகலாதனுக்குத் தலைமை வேஷமே ஒரு சிறுவன். ஆகவே பாடவே வராத பையனும் கம்பெனி வீட்டில் ஓர் இலைக்குச் சொந்தக்காரனாக இருந்தான்.

பார்ட்டை வைத்து ஆள் தேடியதற்கு எதிரான சம்பவமும் உண்டு. சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள் அந்தச் சிறுவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பாட்டும் வசனமுமாக முழு நாடகம்! வேஷத்துக்கு ஆள் தேடாமல் ஆளுக்கு வேஷம் செய்தது தமிழ் மேடையில் அபூர்வம். அந்த அளவுக்குப் பாட்டைக் கையில் வைத்திருந்த வாத்தியார் வேறு யாரும் இல்லை.

பாடச் சொல்லிக் கேட்டல்

சோதனை பெரும்பாலும் கம்பெனி வீட்டில் நடந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய வீடு அது. பையன்கள் படுப்பதும் உண்பதும் பாடம் படிப்பதும் அங்கேதான். காலை நேரத்தில் கூடத்தில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு வாத்தியார் உட்கார்ந்திருப்பார். தகப்பனோ மாமனோ பையனை முன்னால் தள்ளி நிறுத்துவார். 'ஏதாவது பாடுடா' என்பார் வாத்தியார். பையன் தனக்குத் தெரிந்த தேவாரமோ, பள்ளிக்கூடப் பாட்டோ, கொட்டகை வெளியில் நின்று கேட்டு மனப்பாடம் செய்த நாடகப் பாட்டோ ஒன்றை எடுப்பான். ஆர்மோனியக்காரர் அவன் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடிக்கு ஒரு கட்டை ஏற்றுவார். பிறகு இன்னொன்று. பையன் கழுத்து நரம்பு புடைக்கும். குரல் பிசிறாமல் எங்கே வரை போகிறது என்பதே கேள்வி. ஒலிபெருக்கி இல்லாத காலம். தரை டிக்கெட்டுக்காரனுக்கு மட்டுமல்ல, வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். சாரீரம் முதலில், சரீரம் பிறகு என்பதே கம்பெனிகளின் கணக்கு.

பாட்டு முடிந்ததும் நாலு வரி வசனம் சொல்லிக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ழகரமும் றகரமும் வருகிறதா, சொன்னதை மறக்காமல் பிடிக்கிறானா என்று பார்ப்பார்கள். படிக்கத் தெரியாத பையன் தள்ளப்படவில்லை. பாடத்தைக் காதால் கேட்டு ஏற்றிக்கொண்டவர்களே அதிகம்.

இந்தச் சோதனைக்கு வந்து நின்றவர்களை அனுப்பியது பெரும்பாலும் வறுமை. இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தை இறந்த பின் தாயுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த எம்.ஜி. இராமச்சந்திரனும் அண்ணன் சக்கரபாணியும் சிறு வயதிலேயே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது வீட்டில் அடுப்பு எரியாததால். திருச்சியில் கணேசன் என்ற சிறுவனோ வீட்டுக்குத் தெரியாமல் வந்தவன். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த மயக்கத்தில் இருந்த அவன், பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் தான் அநாதை என்று சொல்லிச் சேர்ந்துகொண்டான். அவனுக்குக் கிடைத்த முதல் வேஷம் சீதை. அவனே பின்னாளில் சிவாஜி கணேசன்.

சேர்ந்த பிறகு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். இடையில் பையனை அழைத்துப் போகக் கூடாது. சம்பளம் பெற்றோர் கைக்குப் போகும், அல்லது போவதாகச் சொல்லப்படும். இதைக் கொத்தடிமைத்தனம் என்று எழுதுவோர் இன்று உண்டு. அடியும் பசியும் இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் இசை, மொழி, ஒழுக்கம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்த குருகுலம் என்பதே பொருத்தமான சொல்.

மகரக்கட்டு

முதல் நாள் பாடியதோடு தேர்வு முடிந்துவிடவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் சிறுவனின் குரல் உடைவதைக் கம்பெனி வழக்கில் மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடிய அயன் ஸ்திரீபார்ட் இன்று காகம்போலக் கரைவான். அன்றே அவன் வேஷம் அடுத்த பையனுக்குப் போய்விடும். சிலருக்குக் குரல் புதிய கனத்தோடு திரும்பி வரும், அவர்கள் ராஜபார்ட்டாக ஏறுவார்கள். திரும்பாதவர்கள் பின்பாட்டு, திரை இழுப்பது, சாமான் கணக்கு என்று ஒதுங்குவார்கள், அல்லது ஊருக்குப் போவார்கள். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இந்தக் கண்டத்தைக் கடந்து மறுபடியும் பாடகராக நின்றவர். கம்பெனியில் நுழைவதற்கு நடந்த சோதனையைவிட இதுவே கடுமையானது. பழைய நடிகர்கள் அதைப் பற்றிப் பேசும்போது நோயைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

பாட்டைத் தவிர வேறு வாசல்களும் இருந்தன. நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால சண்முகானந்த சபாவுக்குள் வந்து, சிரிப்பில் தனக்கென ஓர் இடம் பிடித்தார். எம்.ஆர். ராதா ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் வளர்ந்தவர். அவர் குரலை எந்த ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையில் வைத்தார் என்பது சுவையான கேள்வி.

பெண்கள்

பாய்ஸ் கம்பெனிகளில் பெண்களுக்கு இடம் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனி முழுக்கப் பெண்களால் ஆனது. அது தனிக் கதை. பிற கம்பெனிகளில் நடிகையர் சேர்ந்தது தற்செயலாகவே. கொடுமுடி சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்ததை ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டு, வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அங்கே அவர் முதலில் ஏற்றதும் நல்லதங்காளின் பிள்ளை வேஷம்தான். 1926இல் இலங்கை சென்றபோது செங்கோட்டை கிட்டப்பாவுடன் ஜோடியாக நடித்தார். மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். தமிழ் மேடைக்குக் கிடைத்த மிகப் பெரிய குரல்களில் ஒன்று, ஓடும் ரயிலில் தேர்வானது.

ஸ்பெஷல் நாடகம்

நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தம் பேசி, நாடகத்தன்று இரவு மேடையில் மட்டும் சந்தித்து நடிப்பது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் என்றால் வேலன் யார், வள்ளி யார் என்பதை ஊர்க்காரர்களும் ஏஜென்டும் பேசி முடிப்பார்கள். இங்கே தேர்வு என்பது நடிகருக்கு ஏற்கெனவே உள்ள பெயரும் அவருடைய நாட்குறிப்பில் காலியாக உள்ள தேதியுமே. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் நடிகர் சங்கங்களின் வழியாகக் கோயில் திருவிழாக் காலத்தில் இது இன்றும் நடக்கிறது.

பிற்காலம்

1931இல் பேசும்படம் வந்ததும் கம்பெனிகளின் நல்ல குரல்கள் சினிமாவுக்குப் போயின. 1936இல் வெளிவந்த சதிலீலாவதியில் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா ஆகிய மேடைக்காரர்கள் திரைக்கு வந்தனர். மேடையில் பாட்டு குறைந்து வசனம் பெருகியது, சோதனையும் மாறியது. 1945இல் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் எம்.ஜி.ஆர். நடிக்காமல் விலகியதும், கணேசனின் பெயர் சொல்லப்பட்டது. அண்ணா சுமார் 90 பக்க வசனத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய், மாலையில் திரும்பி வந்து பேசச் சொல்லிக் கேட்டார். பாடச் சொல்லவில்லை. வேஷம் கணேசனுக்குக் கிடைத்தது, 'சிவாஜி' என்ற பெயர் பெரியாரிடமிருந்து கிடைத்தது.

டி.கே.எஸ். குழுவில் பின்னர் நடிகைகளும் சேர்க்கப்பட்டனர். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் முதலியவை பழைய கம்பெனி முறையின் கடைசிக் கிளைகள். தற்காலக் குழுக்கள் ஆடிஷன் வைத்தும் பட்டறை நடத்தியும் நடிகர்களை எடுக்கின்றன.