ஜப்பானிய வாளணிகள்

ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தகடு, பிடியணி முதலியவற்றை மதிப்பிடுவோர் உருவங்களையே முதலில் நோக்குவர். நானோ, அவ்வுருவங்கள் நிற்கும் தளத்தை நோக்குக என்பேன். கோத்தோ மரபினர், செம்பிற் சிறிது பொன் கலந்து பதப்படுத்திய 'ஷாகுதோ' என்னும் கரிய உலோகத்தின்மேல், மீன்முட்டை போன்ற நுண்மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினர். ஒரு வரிசை கோணினும் கண் அங்கேயே தங்கிவிடும். ஆயினும், அவ்வொழுங்கு நாளடைவில் சலிப்பூட்டுவதே. யோகோயா சோமின் (1670–1733) தூரிகை இழுப்பைப்போல் உளியை ஓட்டினார். கோடு தடித்தும் மெலிந்தும் உயிர்பெற்றது. என் உள்ளம் இவர் பக்கமே. 1876இல் வாள் அணிதல் தடை செய்யப்பட்டது. சிற்பிகள் பலர் பிழைப்பிழந்தனர். முன்னரே அரசின் புதிய நாணயங்களுக்கு உருவமைத்திருந்த கானோ நாத்சுவோ (1828–1898), 1890இல் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். பள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு அச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி.