போலிக் காசும் வண்ணக்கர் கண்ணும்

வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சங்கப் புலவர் சிலர் பெயர் பெற்றுள்ளனர். வண்ணக்கன் என்பான் காசின் மாற்றை நோட்டமிட்டு, நல்லது தீயது பிரித்துரைப்பவன். அத்தொழிலுக்கென்றே ஆட்கள் இருந்தனர் என்றால், அந்நாளிலேயே போலிக் காசும் இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

பண்டைய போலி, கடைவீதியில் செலவழிக்கச் செய்யப்பட்டது. பிற்காலப் போலியோ பழமையை விரும்பிச் சேர்ப்போரை ஏய்க்கச் செய்யப்படுவது. ஜெர்மானியரான பெக்கர் (1772–1830) பண்டைய காசுகளைப் போல அச்சு வெட்டிப் புதுக்காசு அடித்தார். அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியிலிட்டு, வண்டிக்கடியில் கட்டி ஓட்டி, பழமைத் தேய்வை வருவித்தார் என்பர்.

போலியை அறியும் வழிகள் சில உண்டு. பழங்காசுகளிற் பெரும்பாலானவை அச்சால் அடிக்கப்பட்டவை. போலிகளிற் பல அச்சில் வார்க்கப்பட்டவை. வார்ப்புக் காசின் விளிம்பில் இணைப்புக் கோடு தெரியும், பரப்பில் நுண்குழிகள் இருக்கும், எழுத்து மழுங்கியிருக்கும். வெள்ளி முத்திரைக் காசில் ஒவ்வொரு சின்னமும் தனித்தனியே குத்தப்பட்டது. ஆதலின் இரண்டு காசுகளில் எல்லாச் சின்னமும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் அமைந்திருப்பின் ஐயுறவேண்டும். எடையும் துணை செய்யும். தூய தங்கம் நீரினும் 19.3 மடங்கு கனம், வெள்ளி 10.5 மடங்கு; செம்பு ஏறத்தாழ 9 மடங்கு. காசைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்தால் உலோகக் கலப்பு வெளிப்படும்.

ஆயின் ஒத்த வடிவெல்லாம் போலியன்று. முதலாம் இராசராசனின் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் உருவும், மறுபுறம் அமர்ந்த உருவும், நாகரி எழுத்தில் அவன் பெயரும் உள்ளன. பின்னாளில் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு முதலியோர் அவ்வமைப்பையே பின்பற்றித் தம் பெயரால் காசு வெளியிட்டனர். அஃது ஏய்ப்பன்று, மக்கள் பழகி நம்பிய வடிவை அரசு ஏற்றுக்கொண்டதாம்.

கடாரத் தமிழர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் கடாரம் வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. அப்பெருமிதத்தால், “இம்மண்ணில் கிடைத்த சோழன் காசு” என்று ஒருவர் நீட்டுவதை ஆராயாமல் வாங்கும் ஆவல் எழக்கூடும். அவ்வாவலே போலி செய்வோனுக்கு முதல். 1930களில் குவாரிச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்தபோது, அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கில் (847–861) காலத்து வெள்ளிக் காசு கிடைத்தது. சிதைந்த துண்டேயாயினும், கிடைத்த இடம் பதிவானமையால், அராபியக் கடல் வாணிகத்தோடு இவ்விடத்திற்கிருந்த தொடர்புக்கு அது சான்றாயிற்று. இடமறியாக் காசு மெய்யானதேயாயினும் இத்தகைய சான்றைத் தர இயலாது.

ஆகவே தோட்டத்து மண்ணில் பழங்காசு கண்டவர் அதைத் தேய்த்து மெருகேற்றலாகாது, விற்றலும் ஆகாது. கண்ட இடத்தைக் குறித்து, 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். போலி ஒன்றை நம் பெருமைக்குச் சான்றாகக் காட்டிப் பின்னர் அது வெளிப்படுமாயின், கல்வெட்டு கூறும் உண்மையையும் பிறர் ஐயுறுவர். காசை மட்டுமன்றி, நம் விருப்பத்தையும் உரைத்துப் பார்ப்பவனே நல்ல வண்ணக்கன்.