காசநோயாளியை எப்போது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்? அம்பத்தூர் ஆய்வு நிறுவனம் காட்டும் ஐந்து அடையாளங்கள்

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் (டிபி) என்று தெரிந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் போதுமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு பதில் 1959-இல் சென்னை சேத்துப்பட்டிலிருந்து வந்தது. அந்தப் பதில் யாருக்குப் போதாது என்பதை அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இப்போது தெளிவுபடுத்தியிருக்கிறது.

வீட்டிலேயே சிகிச்சை: சேத்துப்பட்டு ஆய்வு

ஒரு காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும் என்பது விதி. படுக்கைகளோ குறைவு, காத்திருந்தே பலர் இறந்தனர். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதுதான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலும் 12 மாதங்கள் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. ஆனாலும் குணமடைந்தோர் அளவில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து ஒழுங்காகச் சென்றதால், வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட முக்கியக் காரணமானது.

மருந்து இருந்தும் ஏன் இறக்கிறார்கள்?

இன்று காசநோய்க்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோர் 6 மாதச் சிகிச்சையில் குணமடைகிறார்கள். இருந்தும் 2023-இல் இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. சிகிச்சையில் இருக்கும்போது இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் 2 மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதாவது மருந்து வேலை செய்து முடிக்கும் வரை அவர்கள் உடல் தாங்குவதில்லை.

இந்த இடத்தில்தான் அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வருகிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவும், மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் இணைந்து 1999-இல் உருவான நிறுவனம் இது. தமிழக அரசின் காசநோய்ப் பிரிவுடன் சேர்ந்து, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட இது துணை நின்றது. எல்லோரையும் ஒரே மாதிரி மாத்திரையுடன் அனுப்பாமல், ஆபத்தில் இருப்பவரை நோய் தெரிந்த அன்றே பிரித்தறிந்து உள்நோயாளியாகச் சேர்ப்பதே திட்டத்தின் சாரம்.

ஐந்து அடையாளங்கள்

இதற்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. பெரியவர்களிடம் பார்ப்பவை இவை:

1. மிகக் கடுமையான எடைக் குறைவு: உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 14 அல்லது அதற்கும் கீழ். 160 செ.மீ. உயரமுள்ளவர் சுமார் 36 கிலோவுக்குக் கீழ் இருந்தால் இந்த நிலை.

2. பி.எம்.ஐ. 16 அல்லது அதற்கும் கீழே இருந்து, காலில் வீக்கமும் இருத்தல். அதே உயரத்துக்கு இது சுமார் 41 கிலோ.

3. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குதல்.

4. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் காட்டுதல். கொரோனா காலத்தில் வாங்கிய கருவி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

5. பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அனுமதிக்க வேண்டும். இந்த ஆபத்துக் குறிகள் உள்ளவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை. இல்லாதவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம்தான். திட்டத்தில் சேர்ந்த தகவல்களை ஆராய்ந்து கண்ட கணக்கு இது. இதைக் கொண்டு நோயாளியின் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடும் வசதி 2025-இல் மாநிலத்தின் கணினிப் பதிவிலும் சேர்க்கப்பட்டது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

காசநோய் மாத்திரை அதேதான். கூடுதலாகக் கிடைப்பது, உடல் தாங்குவதற்கான உதவி: ஆக்சிஜன், ரத்தசோகைக்கும் சர்க்கரை நோய்க்கும் சிகிச்சை, இருமலில் ரத்தம் வருதல், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் போன்ற சிக்கல்களுக்கு உடனடிக் கவனிப்பு, கண்காணிப்புடன் உணவு. கடைசியாகச் சொன்னது முக்கியம். எலும்பும் தோலுமாக ஆனவருக்குப் பாசத்தில் ஒரேயடியாக நிறைய ஊட்டினால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். உணவைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

உணவே பாதி சிகிச்சை என்பதற்கும் சான்று உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாக வழங்கியபோது, அவர்களிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் 2 மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது. அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். தனியாரிடம் சிகிச்சை பெறுவோரும் பதிவு செய்திருந்தால் பெறலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். பெண் பிள்ளையின் திருமணப் பேச்சு கெடும், அக்கம்பக்கத்தில் பேசுவார்கள் என்று மறைக்கும் ஒவ்வொரு வாரமும் எடை இறங்கும். தனியார் கிளினிக்கில் காட்டினாலும், எடை, மூச்சு, ஆக்சிஜன், கால் வீக்கம், நிற்கும் திறன் ஆகிய ஐந்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரமளானில், மெலிந்துபோன நோயாளியை நோன்பு வைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, குணமான பின் களா செய்துகொள்ளலாம்.

வீட்டுச் சிகிச்சை போதும் என்ற பழைய ஆய்வு இன்றும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஐந்தில் ஒன்று தெரிந்தால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104, தேசிய காசநோய் உதவி எண் 1800-11-6666 ஆகியவற்றை அழைக்கலாம்.