முள் பொய் சொல்லவில்லை

1987 செப்டம்பர் 29, பிரேசிலின் கோயானியா நகரம். சுகாதார அலுவலகத்துக்கு யாரோ கொண்டுவந்து வைத்த மர்மப் பொருளைச் சோதிக்க இயற்பியலாளர் ஒருவர் புறப்பட்டார். தாது தேடுபவர்களிடம் கடன் வாங்கிய கதிர்வீச்சு அளவியை வழியில் இயக்கிப் பார்த்தார். முள் கடைசி எல்லைக்குப் போய் நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதை. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பிப் போய் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அப்படியே காட்டிய பிறகுதான் விபரீதம் புரிந்தது. அதற்குள் தீயணைப்புப் படையினர் அப்பொருளை ஆற்றில் எறியத் தயாராக இருந்தார்கள். நல்லவேளை, தடுத்துவிட்டார்.

கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்கு முன் பெயர்த்தெடுக்கப்பட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போன சீசியம்-137 அது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினருக்கெல்லாம் பங்கு கொடுத்திருந்தார்கள். 4 பேர் மாண்டனர். சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு பெக்கெரலின் பெயர் சிறுவயதிலேயே பழக்கம். 1896-இல், கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகடு அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிரைக் காட்டிக்கொடுத்தது. அவர் தகட்டை நம்பினார்.

இன்று பெருநகரங்களில் கதிர் உணரிகளை வைக்கிறார்கள். 2016-இல் வாஷிங்டனில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் கைபேசி அளவுள்ள உணரிகளைச் சுமந்து தெருத்தெருவாக நடந்தார்கள். ஆனால் இவற்றைச் சோதிக்க நிஜ ஆபத்தைத் தெருவில் வைக்க முடியுமா? நகரத்தின் இயல்பான கதிர்வீச்சே இடத்துக்கு இடம் மாறும். கருங்கல் கட்டடம் அதைக் கூட்டும். மழை பெய்தாலும் கூடும். அணு மருத்துவப் பரிசோதனை முடித்து நடந்துபோகும் நோயாளியும் உணரியைக் கத்தவைப்பார். எனவே அந்த இயல்பு அளவுகளை முதலில் பதிவு செய்கிறார்கள். இன்ன மூலையில் சீசியம் இருந்தால் எவ்வளவு கூடும் என்று கணினியில் கணக்கிட்டு அதனோடு சேர்க்கிறார்கள். இந்தப் பொய்ச் சீசியத்தை மென்பொருள் பிடிக்கிறதா, வீணாகக் கத்துகிறதா என்று பார்க்கிறார்கள்.

வீண் கூச்சல் அதிகமானால் நிஜமாகக் கத்தும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கோயானியாவில் முள் முதல் தடவையே உண்மையைச் சொன்னது. நம்பத்தான் ஆளில்லை. இத்தனை ஒத்திகையும் அந்த நம்பிக்கைக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.