இரவல் வேர்

ஒரு செடி தன் குலத்துக்குரிய வடிவத்தைவிட்டு விலகி வளரத் தொடங்கும்போது, அதை நோயென்று கருதி வெட்டி எறிவதா, இயற்கையின் விசித்திரமென்று போற்றி வளர்ப்பதா என்ற ஐயம் தோட்டம் வளர்ப்போர் எவருக்கும் என்றேனும் ஒருநாள் எழக்கூடியதே. அதற்கு ஜப்பானியத் தோட்டக்காரர்கள் தந்த விடையின் சரித்திரம் நாம் அறிந்து போற்றத்தக்கது.

கள்ளிச் செடிகளில் தோன்றும் விகாரங்கள் பலவகைப்பட்டவை. தண்டின் நுனியில் ஒரு புள்ளியாக நிற்கவேண்டிய வளர்முனை கோடாக நீண்டுவிடுமானால், உருண்டு திரண்டு எழவேண்டிய தண்டு விசிறிபோல் விரிந்து, மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, நம் வீட்டு முற்றத்துக் கோழிக்கொண்டைப் பூவின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அந்தப் பூவின் கொண்டையும் இதே விகாரத்தின் விளைவுதான். அரிசோனாப் பாலைநிலத்தில் ஓங்கி நிற்கும் சகுவாரோக் கள்ளிகளுள்ளும் அபூர்வமாகச் சில இவ்வாறு கொண்டை சூடி நிற்பதுண்டு. இதனினும் கொடியது நிறத்தின் விகாரம்: பச்சையமே இல்லாமல் பிறக்கும் நாற்று, சூரிய ஒளியிலிருந்து தன் உணவைச் சமைத்துக்கொள்ளும் சக்தியற்று, விதை தந்த சேமிப்புத் தீர்ந்ததும் மடிந்துபோகிறது.

விசித்திரச் செடிகளின்பால் ஜப்பானியர் கொண்ட பிரியம் பழமையானது. எடோ நகரத்து நாற்றுத் தோட்டக்காரரான கிந்தா என்பவர், இலையில் வெண்கோடு விழுந்தவையும் உருத் திரிந்தவையுமான செடிகளையே பொருளாகக்கொண்டு 1827இல் ‘சோமொகு கிஹின் ககாமி’ என்ற சித்திர நூலை வெளியிட்டார். இதழ் கிழிந்தும் சுருண்டும் பூத்த ‘அசகாவோ’ என்னும் பூங்கொடிகளின்மேல் அந்நூற்றாண்டில் மக்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. அவற்றுள் மிக விசித்திரமானவை விதை தராத மலடாதலால், அவற்றோடு பிறந்த சாதாரணக் கொடிகளின் விதையைச் சேமித்து, அதன் வழியே அந்த விகாரம் மீண்டும் தோன்றும்படி செய்தனர்.

இந்த மரபில் வந்தவர் ஏய்ஜி வதனாபே. பராகுவே நாட்டைத் தாயகமாகக் கொண்ட ஜிம்னோகலைசியம் என்னும் சிறு உருண்டைக் கள்ளியின் 10,000 நாற்றுகளை அவர் வளர்த்தபோது, 1941இல் அவற்றுள் இரண்டு மட்டும் பச்சையமின்றிச் செக்கச் செவேலென்று நின்றன. மடியவேண்டிய அவற்றை அவர் கைவிடவில்லை; வேறொரு பச்சைக் கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டி உயிர்ப்பித்தார். ஜப்பானிய மொழியில் செம்பியோனி மலரைக் குறிக்கும் ‘ஹிபோட்டான்’ என்ற பெயரை அச்செடி பெற்றது.

ஒட்டுக்கட்டும் முறை எளிதே ஆயினும் கைப்பழக்கம் வேண்டுவது. கூரிய கத்தியால் இரு செடிகளையும் சமமாக வெட்டி, வெட்டுமுகத்தில் தெரியும் நடுவளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி பொருத்தி, அசையாமல் நூலால் கட்டி, நிழலில் வைக்கவேண்டும். வெட்டுக்காயத்தில் நீர் படலாகாது. பின்னர்ச் செங்கள்ளியின் உடலில் முளைக்கும் குட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆதாரச் செடியில் ஏற்றி இனம் பெருக்கினர். இன்று தென்கொரியா இவற்றைப் பெருமளவில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. டிராகன் பழ இனத்துக் கொடிக்கள்ளியே அங்கே பெரும்பாலும் வேராக உதவுகிறது.

அன்பர்களே, உங்கள் தொட்டிக் கள்ளி உருத்திரிந்து வளருமாயின் உடனே கத்தியை எடுக்கவேண்டாம். அந்தப் பகுதி குழைந்து அழுகி நீர் கசிகிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். அவ்வாறாயின் நல்ல சதை தெரியும்வரை வெட்டி அகற்றுவதே முறை. உறுதியாக இருக்குமாயின் அது வாழட்டும். அதை மிஞ்சி வளரும் சாதாரணக் கிளைகளை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். 1941இல் ஒருவர் காட்டிய பொறுமையால்தான், தனக்கென வேரும் பச்சையமும் இல்லாத ஒரு செடி இன்றும் உயிரோடிருக்கிறது.